ஜான் கஃப் சரித்திரம்

மதுவிலக்குப் பிரசங்கியாய்ப் பேர்பெற்ற ஜான் கஃப் என்பார் 1817-ஆம் ஆண்டு இங்கிலாந்திலே கெண்ட் மாகாணத்துச் சாண்ட்கேட் என்னும் ஊரிற் பிறந்தார். 12-ஆம் வயதில் அமெரிக்கா சேர்ந்து, புத்தகங்கட்டும் தொழில் பயின்றார். இளமையிலேயே தாயை இழந்தார்; நாளடைவில் குடிக்கு அடிமையானார். வேலை நிலைக்கவில்லை, மனைவியும் குழந்தையும் மாண்டனர்.

1842-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், உஸ்டர் நகரத் தெருவிலே தள்ளாடிச் சென்ற அவரது தோளை ஒருவர் மெல்லத் தொட்டார். அவர் ஜோயல் ஸ்ட்ராட்டன் என்னும் உணவுவிடுதிப் பணியாளர். அவர் இகழாது இன்சொற் கூறி, மதுவிலக்குச் சங்கக் கூட்டத்திற்கு அழைத்தார். கஃப் அங்குச் சென்று, தம் நிலையை யாவரும் அறிய உரைத்து, நடுங்குங் கையாற் பிரதிக்கினைப் பத்திரத்திற் கையொப்பமிட்டார்.

சில மாதங்களுக்குள், 1843-இல், தவறினார். ஆயினும் மறைத்தாரல்லர், சபையோர்முன் ஒப்புக்கொண்டு மீண்டும் கையொப்பமிட்டார். 1845-இலும் இடறினார், மறுபடியும் எழுந்தார். பின்னர் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசிப் பல்லாயிரவரைக் குடியினின்று மீட்க உழைத்தார். 1886-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிலடெல்பியாவில் மேடையிற் பேசுகையிலேயே சாய்ந்து, சின்னாளில் உயிர் நீத்தார்.

நாவன்மையுடையார் பலர், வீழ்ந்தவன் தோளைத் தொட்டுக் கூட்டத்திற்கு அழைப்பார் சிலரே. கஃபின் புகழிற் பாதி அப்பணியாளருக்கே உரியதாகும்.