மட்டையில் காந்தம் இல்லை

நான் குடியிருக்கும் போபோடி, புனே நகரின் வடமேற்கு ஓரத்தில், முளா ஆற்றங்கரையில் உள்ளது. ஆற்றுக்கு அக்கரையில் தாபோடி. இக்கரையில் நம்மை ஒட்டியே கட்கி இராணுவக் குடியிருப்பு. கட்கியில் 1869-ஆம் ஆண்டிலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை தோன்றிவிட்டது. அத்தகைய தொழிற்சாலைகளிலும் இராணுவ அலுவலகங்களிலும் வேலை தேடி வந்து, இங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அதனால்தானோ என்னவோ, இந்தப் பகுதியில் மராத்திக்கும் இந்திக்கும் நடுவே தமிழும் தாராளமாகக் காதில் விழும்.

மாலையில் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் மைதானத்தருகே சற்று நிற்பது என் வழக்கம். பையன்கள் ஹாக்கி ஆடுவார்கள். விரிந்துபோன மட்டைக்கு ஒட்டுநாடா சுற்றியிருக்கும். காலில் செருப்புக்கூட இராது. ஆனால் ஆட்டத்தில் குறையிராது. அவர்களோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். என்னைத் தம்பி என்று அழைத்து ஊர்க் கதை பேசுவார். ஒருநாள் அவர் பையன்களுக்குத் தியான் சந்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தியான் சந்தின் மட்டைக்குள் காந்தம் இருந்ததாம். பந்து அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்ததாம். வெள்ளைக்காரர்கள் அந்த மட்டையை உடைத்தே பார்த்தார்களாம். பையன்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

நண்பர்களே, நான் அறிவியல் மாணவன். அக்காலத்து ஹாக்கிப் பந்து தக்கையும் நூலும் உள்ளே வைத்துத் தோலால் மூடித் தைத்தது. மட்டையோ முசுக்கட்டை மரமும் பிரம்புப் பிடியும் சேர்ந்தது. தோலையும் தக்கையையும் இழுக்கும் காந்தம் இவ்வுலகில் இல்லை. இதைப் பெரியவரிடம் மெல்லச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பிறகு எப்படி ஆடினார் என்று நீயே சொல்லேன் என்றார். அன்று என்னால் சரியாக விடை சொல்ல முடியவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

தியான் சிங் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தை சமேஷ்வர் சிங் ஆங்கிலேயர் காலத்து இந்திய இராணுவத்தில் பணிபுரிந்தவர். படைவீரன் வீட்டுப் பிள்ளைக்கு ஊர் என்பது ஓர் இடத்தில் நிலைப்பதில்லை. தந்தைக்கு மாற்றல் வரும்போதெல்லாம் மகனின் படிப்பும் அறுபட்டது. ஆறு ஆண்டுகளோடு பள்ளிக்கூடம் முடிந்தது. இறுதியில் குடும்பம் ஜான்சியில் நிலைகொண்டது. சிறுவயதில் அவருக்குப் பிடித்த விளையாட்டு மல்யுத்தம். ஹாக்கியில் தனி நாட்டம் ஏதும் இருந்ததில்லை. பிறவியிலேயே கையில் காந்தத்தோடு வந்தவர் என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

1922-ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில், முதலாம் பிராமணர் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் அவர் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்து, ஆட்டத்தின் அரிச்சுவடியைக் கற்பித்தார். பகலெல்லாம் அணிவகுப்பும் காவலும். பட்டாளத்தில் சிப்பாய்க்கு ஓய்வு நேரம் ஏது? ஆகவே இரவில் நிலவு எழும்வரை காத்திருந்து, நிலவொளியில் தனியாகப் பந்தடித்துப் பழகினார் என்றும், அதனாலேயே தோழர்கள் அவரைச் சந்த், அதாவது சந்திரன், என்று அழைத்தனர் என்றும் சொல்வார்கள். காந்தக் கதையைவிட இந்தக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. இதில் வியர்வை இருக்கிறது.

1926-இல் இந்திய இராணுவத்தின் ஹாக்கி அணி நியூசிலாந்துக்குச் சென்றது. ஆடிய 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 சமநிலை, ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்ததும் தியான் சந்துக்குக் கிடைத்த பரிசு லான்ஸ் நாயக் பதவி. சிப்பாய்க்கு மேலே ஒரு படி! அன்றைய நாளில் அவரைப் போன்ற ஒருவருக்கு அதுவே பெரிது.

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்தியா முதன்முறையாக ஹாக்கி அணியை அனுப்பியது. புறப்படுமுன் பம்பாயில் ஆடிய ஆட்டத்தில் உள்ளூர் அணியே அவர்களை 3-க்கு 2 என்ற கணக்கில் தோற்கடித்தது. துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். ஆம்ஸ்டர்டாமிலோ ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல்கள் போட்டது. எதிரிகள் ஒரு கோல்கூடப் போடவில்லை. அந்த 29-இல் 14 தியான் சந்தின் மட்டையிலிருந்து வந்தவை. மே 26-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் ஆலந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-க்கு 0 என்று வென்றார்கள். திரும்பி வந்தபோது மூன்று பேர் நின்றிருந்த அதே பம்பாய்த் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தனர். உலகத்தின் இயல்பு இது. வென்ற பிறகு வருவோர் பலர், போகும்போது வருவோர் சிலர்.

ஆனால் தியான் சந்த் திரும்பிச் சென்றது மாளிகைக்கு அன்று, தம் படைப்பிரிவுக்கு. அடுத்த ஒலிம்பிக்குக்கான தேர்வு நடந்தபோது அவர் வடமேற்கு எல்லையில், வசிரிஸ்தான் மலைநாட்டில் பணியில் இருந்தார். தேர்வுப் பந்தயத்துக்கு வர அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. உலகம் வியந்த ஆட்டக்காரர் ஆட வேண்டுமானால் முதலில் மேலதிகாரியின் கையொப்பம் வேண்டும்! நல்லவேளையாக ஹாக்கி சம்மேளனம் அவரைத் தேர்வின்றியே எடுத்துக்கொண்டது. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜப்பானை 11-க்கு 1 என்றும், அமெரிக்காவை 24-க்கு 1 என்றும் இந்தியா வென்றது. அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தம்பி ரூப் சிங் 10 கோல், அண்ணன் 8 கோல். அண்ணனை மிஞ்சிய தம்பிக்குப் பந்தைத் தள்ளிக் கொடுத்தவர்களுள் அண்ணனும் ஒருவர் என்பதை மறந்துவிடலாகாது. தனக்கு வாய்ப்பிருந்தும் தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுப்பதே அவர் ஆட்டத்தின் உயிர்நாடி.

1936-இல் பெர்லின். இம்முறை அவரே அணித் தலைவர். அப்போதும் அவர் இராணுவ அதிகாரி அல்லர். ஒலிம்பிக் தொடங்குமுன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியரிடம் இந்தியா 4-க்கு 1 என்று தோற்றது. அந்தத் தோல்வி அணியை உலுக்கியது. உடனே தாயகத்திலிருந்து தாரா என்ற ஆட்டக்காரரை வரவழைத்தார்கள். மழையால் ஒருநாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் ஆகஸ்டு 15-ஆம் நாள் நடந்தது. அதற்குமுன் உடைமாற்றும் அறையில், உதவி மேலாளர் பங்கஜ் குப்தா கொண்டுவந்த காங்கிரசின் மூவண்ணக் கொடிக்கு ஆட்டக்காரர்கள் வணக்கம் செலுத்தினார்கள். ஆங்கில அரசின் சம்பளம் வாங்கும் படைவீரர் அந்தக் கொடிக்குத் தலைவணங்கியது சாதாரணச் செயலா? சரியாகப் பதினோராண்டுகள் கழித்து அதே தேதியில் நாடு விடுதலை பெற்றது.

முதற்பாதியில் ஒரே ஒரு கோல்தான் கிடைத்தது, தரையோ ஈரம். தியான் சந்த் ஆணி வைத்த காலணிகளைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டாம் பாதியை ஆடினார். ஆட்ட முடிவில் இந்தியா 8, ஜெர்மனி 1. காந்தம் மட்டையில் இருந்திருந்தால் காலணியைக் கழற்ற வேண்டிய தேவை என்ன? ஈரத் தரையில் கால் எப்படிப் பிடிக்கும் என்று கணக்கிட்ட மூளையே அங்கு வேலை செய்தது.

பிறகு வந்தது போர். 1940, 1944 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளும் நடக்கவேயில்லை. 34-இலிருந்து 40 வரையுள்ள அவருடைய வயதை உலகப் போர் விழுங்கியது. சிப்பாயாகச் சேர்ந்து 21 ஆண்டுகளுக்குப் பின், 1943-இல்தான் அவர் அதிகாரிப் பதவியை எட்டினார். போர் முடியும் தறுவாயில் இராணுவ அணியோடு மணிப்பூர், பர்மா, இலங்கை முதலிய இடங்களுக்குச் சென்று, போரில் களைத்த படையினர் முன்னிலையில் ஆடினார். பதக்கமும் கணக்கும் இல்லாத ஆட்டங்கள் அவை. வீட்டை நினைத்து ஏங்கியிருந்த எத்தனையோ பேருக்கு ஒரு மாலைப் பொழுதை அவர் மீட்டுக் கொடுத்திருப்பார்.

போருக்குப்பின் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்திய அணிக்கு அழைப்பு வந்தது. தியான் சந்த் வந்தால்தான் அணி வரலாம் என்பது நிபந்தனை! 42 வயதில் சென்று, 22 ஆட்டங்களில் 61 கோல்கள் போட்டுத் திரும்பினார். 1952-இல் அவருடைய தன்வரலாறு நூலாக வந்தது. தமிழராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி, அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த விளையாட்டு வார இதழ் என்பது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டில் இராணுவத்திலிருந்தும் ஓய்வு பெற்றார். பின்னர் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்தார். மகன் அசோக் குமார் 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டதைக் காணவும் அவர் இருந்தார்.

இனிச் சொல்லப்போவதுதான் என் நெஞ்சை உறுத்துவது. முதுமையில் அவர் வறுமையில் வாடினார். கல்லீரலில் புற்றுநோய் கண்டு, டெல்லி மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சாதாரண நோயாளிகளுள் ஒருவராகக் கிடந்தார். 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். ஜான்சியில், அவர் ஆடிய மைதானத்திலேயே இராணுவ மரியாதையுடன் உடல் எரியூட்டப்பட்டது. அதன்பின் நாம் செய்தவை பல. தபால்தலை வெளியிட்டோம். அவர் பிறந்தநாளைத் தேசிய விளையாட்டு நாளாக்கினோம். 2021-இல் நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதுக்கே அவர் பெயரைச் சூட்டினோம். இங்கே பிம்பிரி நேரு நகரில் உள்ள ஹாக்கி அரங்குக்கும் அவர் பெயர்தான். பெயர் வைப்பதில் நாம் கஞ்சர்கள் அல்லர்.

ஒருவரை மாயாஜாலக்காரர் என்று சொல்வது புகழ்ச்சி போலத் தோன்றும். ஆனால் அதில் ஒரு சூழ்ச்சியும் இருக்கிறது. மாயாஜாலக்காரருக்குப் பயிற்சி வேண்டாம், விடுப்பு வேண்டாம், ஓய்வுக்காலத்தில் சோறும் மருந்தும் வேண்டாம்! காந்தம் பார்த்துக்கொள்ளும் அல்லவா? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய படைவீரர் அவர் என்பதை அந்தப் புகழ்ச்சியே நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

நானும் இந்தக் குற்றத்துக்கு விலக்கல்லன். கடந்த பருவத்தில் என் சோதனை ஒன்று மூன்று மாதமாகப் பலிக்கவில்லை. பக்கத்து மேசை நண்பருக்கு மட்டும் நன்றாக வந்தது. அவருக்குக் கைராசி என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொண்டேன். நான் அறைக்குத் திரும்பிய பிறகும் அவர் இரவு பதினொரு மணிவரை அங்கே இருந்ததை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கைராசி என்பதும் காந்தம் என்பதும் ஒன்றே. பிறர் உழைப்பை ஒப்புக்கொள்ள மனமில்லாதபோது நாம் சொல்லும் பெயர்.

இந்தக் கட்கி மண்ணிலேயே அதற்குச் சான்று உண்டு. இங்குப் பிறந்த தமிழர் தன்ராஜ் பிள்ளை, மைதானப் பணியாளரின் மகன். உடைந்த மட்டையைக் கட்டி ஆடிப் பழகி, நான்கு ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காக ஆடினார். அவருக்கும் காந்தம் கொடுத்தவர் யாருமில்லர்.

சென்ற வாரம் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பையன்களைக் கூப்பிட்டு, காந்தம் இல்லையாம்டா, போய் ஆடுங்கள் என்று விரட்டினார். இருட்டும்வரை அவர்கள் ஆடினார்கள். அன்று நிலவும் இருந்தது.