காவிரியைத் தேக்கிய விசுவேசுவரய்யா

ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா சென்ற நாம், அருவியில் நீர் மெலிந்து கரும்பாறைகள் துருத்தி நிற்கக் கண்டு ஏமாற்றமடைந்தோம். மேலே அணையில் மதகைத் திறந்தால்தான் நீர் வரும் என்றார் பரிசல்காரர். மைசூருக்கு அருகிலுள்ள அந்தக் கிருஷ்ணராஜ சாகர் அணைக்குத் திட்டம் தீட்டிய பெரியாரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா 1861-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயில்கையில், சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் செலவுக்குப் பணம் தேடினார். (வீட்டுப்பாடத்துக்கே முகம் சுளிக்கும் நம்மில் சிலர் கவனிக்க!) பூனாவில் பொறியியல் கற்றுப் பம்பாய் மாகாணத்தில் பணியாற்றியபின், 1909-இல் மைசூரின் தலைமைப் பொறியாளரானார்.

காவிரி மழைக்காலத்தில் பெருகியோடிக் கோடையில் மெலிந்துவிடும். வயல்கள் காய்ந்தன; 1902 முதல் கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பிய சிவசமுத்திர நிலையத்துக்கும் நீர் போதவில்லை. ஓர் அணை இரண்டு குறைகளையும் தீர்க்கும் என அவர் கண்டார். 1911-இல் வேலை தொடங்கியது. சிமெண்ட் அரிதான அந்நாளில், சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தே கைகொடுத்தது.

தஞ்சை வயல்களுக்கு நீர் குறையுமென அஞ்சிய நம் சென்னை மாகாணம், 11 டி.எம்.சி. தேக்கவே இசைந்தது. மைசூரோ 41 டி.எம்.சி.க்கு மேல் கொள்ளும் அணைக்கான அகலத்தில் அஸ்திவாரம் போட்டது! நம்மவர் அச்சம் வீண் அச்சமன்று. பூசல் 1924 உடன்படிக்கையில்தான் ஒருவாறு அடங்கியது. அதன் பின்னரே நமக்கு மேட்டூர் அணை எழுந்து, 1934-இல் முடிந்தது.

1912 முதல் 1918 வரை அவர் மைசூர்த் திவான். நீர் மட்டும் நாட்டை உயர்த்தாது என்பதை நன்கறிந்திருந்தார். தொழிலுக்கு முதல் வேண்டும். 1913-இல் மைசூர் வங்கி தோன்றியது. தொழிலை நடத்தப் படித்தவர் வேண்டும். 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. பின்னாளில் அணை நீர் மண்டியாவில் கரும்பை விளைவிக்க, 1933-இல் அங்கே சர்க்கரை ஆலையும் வந்தது. இப்படி ஒன்று மற்றொன்றை இழுத்து வந்தது.

அரசுப் பணிகளில் பிற்பட்ட வகுப்பினருக்கு முன்னுரிமை தருவதில் மகாராஜாவோடு மாறுபட்டு அவர் பதவி விலகினார். இதில் மட்டும் நம் மனம் அவரோடு ஒப்பவில்லை. வளரும் செல்வத்தில் எல்லார்க்கும் பங்கு வேண்டாமா?

1955-இல் பாரத ரத்னா பெற்ற அவர், நூறு வயது கண்டு, 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். அவரது நினைவிடம் முத்தேனஹள்ளியில் உள்ளது.