கோல நெராங்கின் மாவட்ட அதிகாரி

துங்கு அப்துல் ரஹ்மான் என்றதும் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் அவர் கையை உயர்த்தி விடுதலை முழக்கமிட்ட காட்சியே மலேசியர்களின் நினைவுக்கு வரும். அதற்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன்பு, கெடா மாநிலத்தின் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் அவர் நடத்திய சிறிய போராட்டத்தைப் பலர் அறியார். ஓர் ஆய்வறிக்கை, ஒரு நிதிக் கோரிக்கை, ஒரு கண்டனக் கடிதம் ஆகிய மூன்றுமே அப்போராட்டத்தில் அவர் ஏந்திய கருவிகள்.

துங்கு 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அலோர் ஸ்டாரில் பிறந்தார். தந்தையார், அப்போது கெடாவை ஆண்ட சுல்தான் அப்துல் ஹமிட் ஹலிம் ஷா. தாயார் சே மஞ்சலாரா, சயாம் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர். துங்கு தம் தொடக்கக் கல்வியை அலோர் ஸ்டாரிலும் பாங்காக்கிலும் பெற்றார். பின்னர் பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்றார். கெடா அரசின் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்று, 1925ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஆயினும், வழக்கறிஞர் தேர்வில் அவரால் அப்போது வெற்றி பெற இயலவில்லை. 1931ஆம் ஆண்டு நாடு திரும்பிய அவர், கெடா அரசுப் பணியில் பயிற்சி அலுவலராகச் சேர்ந்தார்.

விரைவிலேயே அவர் கூலிம் மாவட்டத்தின் துணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். 1909ஆம் ஆண்டு கெடா பிரிட்டிஷாரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. அதன்பின், மாநிலத்தின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங் ஆகிய ஊர்களைச் சுற்றிலும் பால்மரக் காடுகள் சூழ்ந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்குள்ள லயங்களில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தனர். அவர்களுக்கு அருகிலேயே மலாய்க் கம்பங்களும் சீனர்களின் கடைவீதிகளும் இருந்தன. துங்கு அலுவலக நாற்காலியிலேயே அமர்ந்திருக்க விரும்பவில்லை. கிராமங்களுக்குச் சென்று விவசாயிகளின் குறைகளைக் கேட்டறிந்தார். அரசாங்கத்தின் கோப்பில் ஒரு வரியாக இருப்பது ஏழையின் வீட்டில் எத்தகைய துன்பமாக இருக்கிறது என்பதை அவர் இங்கே கற்றுக்கொண்டார்.

பின்னர் அவர் பாடாங் தெராப் மாவட்டத்தின் அதிகாரியாகப் பதவி உயர்வு பெற்றார். அம்மாவட்டத்தின் தலைமையிடம் கோல நெராங். அலோர் ஸ்டாருக்கு வடகிழக்கே, சயாம் எல்லையை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் அது. அங்கே மலேரியாக் காய்ச்சல் மக்களை வாட்டி வதைத்தது.

மலேரியா அக்காலத்தில் மலாயா முழுவதற்கும் பெரும் பகையாக இருந்தது. கம்பத்து மக்கள், தோட்டத் தொழிலாளர்கள், சுரங்கக் கூலிகள் என யாரையும் அது விட்டுவைக்கவில்லை. குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வரும். உடல் மெலியும், மண்ணீரல் வீங்கும். நோய் கண்டவர் வயலுக்கோ பால்மரம் வெட்டவோ போக முடியாது. அன்றாடக் கூலியை நம்பியிருந்த வீட்டில் காய்ச்சலோடு பசியும் குடியேறும். கொயினா மருந்து காய்ச்சலைத் தணித்ததே தவிர, நோய் மீண்டும் தொற்றுவதைத் தடுக்கவில்லை.

இந்நோயைத் தடுக்கும் வழி அறியப்படாத ஒன்றன்று. கொசுக்கள் மூலமே மலேரியா பரவுகிறது என்பதை 1897ஆம் ஆண்டு இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். அதைத் தொடர்ந்து, 1901ஆம் ஆண்டில் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளான் நகரில் சதுப்பு நிலங்களை வடியவைத்து நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார். பின்னர், பல தோட்டங்களிலும் வடிகால் வெட்டுதல், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தல் போன்ற பணிகள் நடந்தன. வழி தெரிந்திருந்தது, அதற்குப் பணம் வேண்டும். வருமானம் ஈட்டித் தரும் தோட்டத்திற்கு முதலாளி பணம் செலவிடுவார். கோல நெராங் போன்ற ஏழைச் சிற்றூருக்கு யார் செலவிடுவது?

கெடாவில் அக்காலத்தில் அரசாங்கப் பணத்தைச் செலவிட அனுமதி தரும் அதிகாரம் மாநில மன்றத்திடம் இருந்தது. 1905ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அம்மன்றமே சட்டங்களையும் இயற்றியது. அரச குடும்பத்தினரும் உயர் அதிகாரிகளும் பிரிட்டிஷ் ஆலோசகரும் அதில் அமர்ந்திருந்தனர். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் அதில் இல்லை. காய்ச்சலில் கிடந்த விவசாயிக்காக அங்கே பேசுவதற்கு ஆள் இல்லாத நிலை அது.

துங்கு முதலில் மாநிலச் சுகாதார அதிகாரியை அழைத்து ஊரை ஆய்வு செய்யும்படி கேட்டுக்கொண்டார். நோயின் நிலையை அவ்வதிகாரி ஆராய்ந்து அறிக்கை தந்தார். அவ்வறிக்கையோடு, மலேரியா ஒழிப்புப் பணிக்கு நிதி ஒதுக்குமாறு கோரும் விண்ணப்பத்தையும் இணைத்துத் துங்கு மேலிடத்திற்கு அனுப்பினார். மாநில மன்றமோ அக்கோரிக்கையை நிராகரித்துவிட்டது.

ஓர் இளம் அதிகாரி அத்துடன் அமைதியாகியிருக்கலாம். மேலிடத்தை எதிர்த்து எழுதினால் பதவி உயர்வு பாதிக்கப்படும் என்று அஞ்சியிருக்கலாம். சுல்தானின் மகன் என்பதால் தமக்கு மட்டும் ஏதேனும் சலுகை தேடிக்கொண்டு, நல்ல ஊருக்கு மாற்றல் பெற்றுச் சென்றிருக்கவும் முடியும். துங்கு அவ்வாறு செய்யவில்லை. மன்றத்தின் முடிவைக் கண்டித்து மாநிலச் செயலாளருக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அதன் பின்னர் நிதி வழங்கப்பட்டது. பணம் கிடைத்ததும் வேலையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கவும் இல்லை. கட்டுமானப் பணிகளைத் தாமே நேரில் மேற்பார்வையிட்டார். அதன் பயனாகக் கோல நெராங் மலேரியாவின் பிடியிலிருந்து விடுபட்டது.

அந்நோயின் கொடுமையைத் துங்கு அறிக்கைகளின் வாயிலாக மட்டும் அறிந்தவர் அல்லர். அவர்தம் முதல் மனைவி மெரியாம், அலோர் ஸ்டாரைச் சேர்ந்த சீனக் குடும்பத்தில் பிறந்தவர். அவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தனர். மகனுக்கு அந்த ஊரின் நினைவாக நெராங் என்று பெயரிட்டனர். மகன் பிறந்து சில காலத்திலேயே, 1935ஆம் ஆண்டில், மெரியாம் மலேரியாவுக்குப் பலியானார். மாவட்ட அதிகாரியின் இல்லத்துக்கும் ஏழையின் குடிசைக்கும் அந்நோய் வேறுபாடு காட்டவில்லை. இரு குழந்தைகளுடன் துங்கு தனித்து நின்றார்.

அதன் பின்னர், லங்காவித் தீவு, சுங்கைப்பட்டாணி ஆகிய இடங்களில் அவர் பணியாற்றினார். 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படைகள் கெடாவுக்குள் நுழைந்தபோது, அவர் கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்தார். ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்கள் முடங்கின. அரிசிக்குப் பஞ்சம் ஏற்பட்டது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை அமைக்க, மலாயாவிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். பசியும் அடியும் வாந்திபேதியும் மலேரியாவும் அவர்களைக் கொன்று குவித்தன. அதனால்தான் அப்பாதையைச் சயாம் மரண இரயில் பாதை என்று இன்றும் அழைக்கின்றனர்.

1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தனர். அக்காலக்கட்டத்தில் துங்கு அலோர் ஸ்டாரில் கல்வித்துறைப் பொறுப்பில் இருந்தார். மரண இரயில் பாதையிலிருந்து தப்பியவர்கள் எலும்பும் தோலுமாய், புண்பட்ட கால்களோடு எல்லையைக் கடந்து அந்நகருக்கு வந்து சேர்ந்தனர். அவர்களைக் காப்பதற்கு எந்த மன்றமும் நிதி ஒதுக்கவில்லை. துங்கு தம் இளைய நண்பர்களைத் திரட்டி, அவர்களுக்கு எளிய குடில்களை அமைத்தார். வசதி படைத்தவர்களிடம் உணவும் பொருளும் சேகரித்துக் கொடுத்தார். வந்தவர் மலாய்க்காரரா தமிழரா என்ற பாகுபாடு அங்கே இல்லை.

ஆயினும், நல்ல மனம் கொண்ட சிலரின் உதவியை மட்டுமே நம்பி ஏழைகள் வாழ முடியாது. நண்பர்கள் சேர்த்த அரிசி தீர்ந்துவிட்டால் குடிலில் உள்ளவர் பட்டினி கிடக்க நேரிடும். மக்களின் துன்பத்தைக் கேட்டு, பணம் ஒதுக்கி, அது உரியவரைச் சென்றடைகிறதா என்று கண்காணிக்கும் மக்கள் மன்றம் ஒரு நாட்டுக்குத் தேவை. துங்குவின் பிற்கால அரசியல் வாழ்க்கை அத்தகைய மன்றங்கள் உருவாவதற்கு வழிவகுத்தது.

போர் முடிந்த பின்னர் அவர் மீண்டும் இங்கிலாந்து சென்றார். இளமையில் கைநழுவிய வழக்கறிஞர் தகுதியை 1949ஆம் ஆண்டு, தமது 46ஆம் வயதில் பெற்றார். 1951ஆம் ஆண்டு அம்னோவின் தலைவரானார். 1955ஆம் ஆண்டு நடைபெற்ற முதல் பொதுத்தேர்தலில், கெடாவின் சுங்கை மூடா தொகுதியில் வெற்றி பெற்று முதலமைச்சரானார். 1957ஆம் ஆண்டு விடுதலை பெற்ற நாட்டின் முதல் பிரதமரானார். 1963ஆம் ஆண்டு மலேசியா உருவானபோதும் அவரே நாட்டுக்குத் தலைமையேற்றார். 1970ஆம் ஆண்டு அப்பதவியிலிருந்து விலகினார்.

விடுதலையோடு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தில், மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்புகள் பட்டியலிடப்பட்டுள்ளன. சமூக நலன், பொதுச் சுகாதாரம், நோய்த்தடுப்பு, வடிகால் ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஒரு காலத்தில் கோல நெராங் மக்களுக்குக் கெஞ்சிக் கேட்டும் மறுக்கப்பட்ட உதவி, இவ்வாறு இரு அரசுகளின் கடமையாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. 1959ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. இன்று கெடா சட்டமன்றத்தில் 36 உறுப்பினர்கள் உள்ளனர். மாநில அரசின் வரவு செலவுத் திட்டத்தை அவர்கள் ஆராய்ந்து ஏற்க வேண்டும். முதியோர், உடற்குறையுடையோர், வறியோர் ஆகியோருக்கான பணிகள் முறையாக நடைபெறுகின்றனவா என்று ஆட்சிக்குழுவிடம் கேள்வி எழுப்பும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கும் நெல் நடும் விவசாயிக்கும் அம்மன்றத்தில் தம் குரலை ஒலிக்கச் செய்ய வாக்குரிமை இருக்கிறது.

துங்கு 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், தமது 87ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவருடைய உடல் அலோர் ஸ்டாருக்கு அருகில், லங்காரில் உள்ள அரச குடும்பத்தினரின் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

ஊரின் துன்பத்தை நேரில் கண்டறிதல், அதைச் சான்றுடன் எடுத்துரைத்தல், மறுப்புக்கு அஞ்சாமல் மீண்டும் கேட்டல், கிடைத்த பணம் சரியாகச் செலவாகும்வரை உடனிருந்து பார்த்தல் ஆகியவையே கோல நெராங்கில் அந்த இளம் அதிகாரி செய்தவை. மக்கள் நலனைக் காக்கும் பொறுப்பில் அமரும் எவருக்கும், அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் குடிமக்களுக்கும் இக்கடமைகள் இன்றும் உரியவை.