64,000 பேர் சேர்ந்து போடும் கணக்கு: புயலைக் கணிக்க வழிகாட்டிய ரிச்சர்ட்சன்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் புதுக்கோட்டை மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. மரங்களைக் காப்பாற்ற முடியவில்லைதான். ஆனா, புயல் வருவது முன்பே தெரிந்ததால் மக்களை முகாம்களுக்கு அனுப்ப நேரம் கிடைத்தது. அந்த நேரத்தை வாங்கித் தந்த கணக்குமுறைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதற்கு வழி போட்டவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன்.

யார் இவர்?

1881-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில், போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். 1913-ல் பிரிட்டிஷ் வானிலைத் துறையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்தவர், 1916-ல் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார்.

போர்முனையில் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கையாலேயே ஒரு பெரிய கணக்கைப் போட்டார். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் பதிவான அளவுகளை வைத்து, வெறும் 6 மணி நேர மாற்றத்தைக் கணிக்கப் பார்த்தார். அதற்கே வாரக்கணக்கில் ஆனது. காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் பெரிதாக மாறவே இல்லை!

1917-ல் போர்க் குழப்பத்தில் கையெழுத்துப் பிரதி தொலைந்து, சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922-ல் அது புத்தகமானது. தன் கணிப்பு தோற்றதை அவர் அதில் மறைக்கவில்லை.

கற்பனை அரங்கு

ஒரே ஆள் கணக்குப் போட்டு முடிக்கும்வரை வானிலை காத்திருக்குமா? அதற்கும் அவர் ஒரு வழி யோசித்தார். உள்சுவரில் உலக வரைபடம் தீட்டிய பெரிய அரங்கு. அதில் 64,000 பேர். ஆளுக்கு ஒரு பகுதிதான் வேலை. தன் விடையைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்ட வேண்டும். ஏனென்றால் இந்தக் கட்டத்துக் காற்றுதான் அடுத்த கட்டத்துக்குப் போகும். நடுவில் நிற்கும் மேற்பார்வையாளர், முந்தி ஓடுபவர் மேல் இளஞ்சிவப்பு வெளிச்சமும், பின்தங்குபவர் மேல் நீல வெளிச்சமும் அடிப்பார்.

இன்று என்ன நடக்கிறது?

மனிதர்கள் இருந்த இடத்தில் இப்போது பிராசஸர்கள். அவ்வளவுதான். 2018-ல் புனேயில் பிரத்யுஷ், நொய்டாவில் மிஹிர் என இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் இந்திய வானிலைக் கணிப்புக்காக வந்தன. இவற்றில் ஒவ்வொரு பிராசஸரும் தன் பகுதியைக் கணக்கிட்டு, எல்லையில் உள்ள எண்களை நெட்வொர்க் வழியே பக்கத்துப் பிராசஸருக்கு அனுப்பும். ஒன்று தாமதித்தால் மற்றவையும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஒரே கணக்கை வெவ்வேறு ஊர்களில் உள்ள மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுப்பது சிரமம். ஆனா, தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றி, அதே கணிப்பைப் பல தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த ஓட்டங்களைத் தாராளமாகப் பிரித்துக் கொடுக்கலாம். அவற்றின் முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பார்த்தால், புயல் பாதையை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

கடைசியில் ஜெயித்தாரா?

வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும், 1920-ல் ரிச்சர்ட்சன் வேலையை விட்டார். பிறகு போர்கள் ஏன் வருகின்றன என்பதைக் கணிதத்தால் ஆராய்ந்தார். 1950-ல் எனியாக் கம்ப்யூட்டரில் முதல் வானிலைக் கணிப்பு நடந்தது. 24 மணி நேரக் கணிப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரமே ஆனது. அந்த முடிவுகள் அவர் கைக்கும் போய்ச் சேர்ந்தன. 1953-ல் ஸ்காட்லாந்தில் காலமானார்.

பல பத்தாண்டுகள் கழித்து, அயர்லாந்து விஞ்ஞானி பீட்டர் லிஞ்ச் அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். வழிமுறை சரி, தொடக்க அளவுகளில்தான் சிக்கல். அவற்றைச் சீராக்கியதும் நம்பத்தகுந்த விடை வந்தது.