மகாத்மா புலேயும் இல்லறச் சமத்துவமும்

டாக்டர் அம்பேத்கர் தம் ஆசான்களாகப் போற்றிய மூவர் புத்தர், கபீர், மகாத்மா ஜோதிராவ் புலே ஆவர். சாதிக் கொடுமையை எதிர்த்த புலேயை நாம் அறிவோம். கணவராக அவர் வாழ்ந்த வாழ்வை அறிந்தோர் நம்மிடையே சிலரே.

மராட்டிய நாட்டில் மலர்த்தோட்டத் தொழில் புரியும் மாலி குலத்தில் 1827-இல் தோன்றியவர் புலே. 1840-இல் மணம் நிகழ்ந்தபோது அவருக்கு வயது 13. மணமகள் சாவித்திரிபாய்க்கு வயது 9. எழுத்தறியாத அச்சிறுமிக்குப் பின்னர் அவரே ஆசிரியரானார். பெண் கற்றால் குடும்பம் கெடும் என நம்பிய காலம் அது. 1848-இல் புனே நகரில் அவர் தொடங்கிய பெண்கள் பள்ளியில் சாவித்திரிபாய் ஆசிரியையாக அமர்ந்தார். தெருவில் சென்ற அம்மையார்மீது சேறும் சாணமும் வீசினர். மாற்றுச் சேலை ஒன்றை உடன் கொண்டுசென்று அவர் பணியைத் தொடர்ந்தார். ஊராரின் எதிர்ப்புக்கு அஞ்சிய தந்தை, மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார். இருவரும் வெளியேறினரே அன்றிப் பள்ளியைக் கைவிட்டாரில்லை. தீண்டப்படாதோர் பிள்ளைகளுக்கும் பள்ளி கண்டனர்.

அவர்களுக்கு மகப்பேறு வாய்க்கவில்லை. மறுமணம் செய்துகொள்ளுமாறு உற்றார் வற்புறுத்தினர். அந்நாளில் ஆடவர்க்கு அது இயல்பான உரிமை. புலே மறுத்துவிட்டார். கருவுற்ற கைம்பெண்களுக்காக 1863-இல் அவர்கள் நிறுவிய காப்பகத்தில், அந்தணக் கைம்பெண் ஒருத்தி ஈன்ற குழந்தையை மகனாக ஏற்று வளர்த்தனர்.

1882-இல் தாராபாய் ஷிண்டே என்னும் பெண்மணி, ஒழுக்கம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று ஆடவரை வினவி நூல் ஒன்று எழுதினார். புலேயின் இயக்கத்தாருள்ளும் சிலர் சினந்தனர். புலேயோ, தோழர் என்றும் பாராது அவர்களைக் கண்டித்து, தாராபாயின் பக்கம் நின்றார்.

1890-இல் புலே மறைந்தார். ஆடவர்க்கே உரியதெனப்பட்ட கொள்ளிச்சட்டியைச் சாவித்திரிபாயே ஏந்தி முன்னே நடந்தார். கணவரின் இயக்கத்தைத் தொடர்ந்து நடத்திய அவர், 1897-இல் பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டாற்றியபோது அந்நோய்க்கே ஆளாகி உயிர் நீத்தார்.

நம் சமுதாய இளைஞர்களே! பிறரிடம் சமத்துவம் கேட்கும் நாம், நம் அடுக்களையில் அதனை மறுப்பது முறையாகுமா? பருவமெய்திய தங்கையின் படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியை மட்டும் கல்லூரிக்கு அனுப்பும் வீடு புலேயின் வழியில் நிற்கும் வீடாகுமா? மனைவி படிக்க விரும்பினால் அடுப்பருகே கணவன் அமர்வது இழிவன்று. வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்திற்கு நாம் செலுத்தத்தக்க காணிக்கை, அவரவர் இல்லத்தில் இம்மாற்றத்தைத் தொடங்குவதே ஆகும்.