காலரா விஷத்தைக் காட்டிக் கொடுத்த டாக்டர் சம்புநாத் தே

நம் நாட்டு விஞ்ஞானிகள் பெயரைச் சொல் என்றால் சர் சி.வி. ராமன், ராமானுஜன், ஜே.சி. போஸ் என்று அடுக்குவோம். டாக்டர் சம்புநாத் தே பெயரை யாரும் சொல்ல மாட்டோம். மருத்துவ ஆராய்ச்சி உலகில் அவர் பெரிய பெயர். நமக்குத்தான் தெரியாது.

நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். எங்க பக்கம் காலராவுக்குப் பேரு வாந்தி பேதி. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த உவர்நீரில்தான் எங்கள் பிழைப்பு. காலராக் கிருமியும் இதுபோன்ற உவர்நீரில்தான், கூனியை விடச் சிறிய உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். வாந்தி பேதி கண்டவரைப் படகில் ஏற்றி ஆஸ்பத்திரி சேர்ப்பதற்குள் ஆளே சுருங்கிப் போகும் என்று எங்க ஆயா சொல்லும். அந்தச் சுருக்கம் ஏன் என்பதைக் கண்டுபிடித்தவர்தான் தே.

1915 பிப்ரவரி 1-ஆம் தேதி வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா செய்த வியாபாரம் சரியாக ஓடவில்லை. உதவித்தொகையை நம்பித்தான் படிப்பு. (எங்க வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவன் நான். உதவித்தொகைன்னா என்னன்னு எனக்குத் தெரியும்!) கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939-இல் டாக்டர் பட்டம். லண்டன் சென்று 1949-இல் பிஎச்.டி. முடித்து ஊர் திரும்பினார். அங்கே செய்தது வேறு ஆராய்ச்சி. கல்கத்தாவில் ஜனங்கள் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் காலராவைக் கையில் எடுத்தார்.

ராபர்ட் காக் 1884-லேயே இதே கல்கத்தாவில் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். அது ஏதோ விஷத்தைக் கக்குகிறது என்றும் சந்தேகப்பட்டார். அந்த விஷம் மட்டும் பிடிபடவே இல்லை. பெரும்பாலோர் அது ரத்தத்தில் கலந்து உடம்பைக் கெடுக்கிறது என்று எண்ணி, பிராணிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். காலரா வரவில்லை.

நோய் குடலில் இருக்க, ரத்தத்தில் தேடுவானேன் என்று யோசித்தார் தே. பட்டினி போட்ட முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தி, குடலை வயிற்றுக்குள் வைத்துத் தைத்தார். மறுநாள் திறந்தால் அந்தத் துண்டு நீரால் உப்பிக் கிடந்தது! இது 1953-இல் வெளிவந்தது. ஒரு நூல், ஒரு சிரிஞ்ச், ஒரு முயல், அவ்வளவுதான் சாமான். 1959-இல் அடுத்த படி. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத தெளிநீரைச் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. விஷம் இருப்பது நிரூபணமாயிற்று. காக் சந்தேகப்பட்டு 75 வருஷம் கழித்து!

அந்த விஷத்தின் ஒரு பகுதி என்சைம் என்பது பிற்பாடு தெரிந்தது. ஐந்து துண்டுகள் சேர்ந்த வளையம் குடல் செல்லைப் பிடித்துக்கொள்ள, என்சைம் பகுதி உள்ளே போய் ஒரு சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே பூட்டிவிடுகிறது. நம்ம எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்குப் புரியும்படி சொன்னால், கான்டாக்டர் ஒட்டிக்கிட்ட மோட்டார் நிக்காம ஓடுற கதை. செல் உப்பை வெளியே தள்ள, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. நோய் முற்றினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும்.

ஆனால் குடல் சுவர் கிழிவதில்லை. சர்க்கரையோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழியும் கெடுவதில்லை. அதனால்தான் உப்பு சர்க்கரைக் கரைசல் வேலை செய்கிறது. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் அதைக் கொடுத்து, 30 சதவீதமாக இருந்த சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டு வந்தார். 1992 இறுதியில் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா தலைகாட்டியது. அது கக்கியதும் தே காட்டிய அதே விஷத்தைத்தான்.

இன்று அந்த விஷத்தின் மரபணுவை வேறு பாக்டீரியாவில் ஒட்டி, வேண்டிய பகுதியை மட்டும் தயாரிக்கிறார்கள். என்சைம் பகுதியை வைத்து செல்லுக்குள் செய்தி போகும் வழியை ஆராய்கிறார்கள். வளையப் பகுதி தனியாக ஆளைக் கொல்லாது. அது நரம்புகளின் பாதையைத் தேடவும், வாய்வழிக் காலரா தடுப்பு மருந்துக்கும் பயன்படுகிறது.

தே 1973-இல் ஓய்வு பெற்றார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவர் பெயரை ஒரு தடவைக்கு மேல் நோபலுக்குப் பரிந்துரைத்தார். கிடைக்கவில்லை. அதைக்கூட விடலாம், உள்நாட்டில் பெரிய விருது ஒன்றுகூடத் தரவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 1978-இல் நோபல் அறக்கட்டளை காலரா பற்றிய கருத்தரங்குக்கு அழைத்தபோது ஸ்வீடன் போய் வந்தார். 1985 ஏப்ரல் 15-ஆம் தேதி காலமானார். பெங்களூரிலிருந்து வரும் 'கரன்ட் சயின்ஸ்' பத்திரிகை அவருக்காகச் சிறப்பிதழ் போட்டது 1990-இல்.