தலையைப் பறிகொடுத்த தளபதி

மரக்காணம் என்றால் உப்புதான் ஞாபகத்துக்கு வரும். அந்த உப்பளங்களுக்கு வடக்கே, கழிமுகத்தின் கரையில், ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் அது பிரெஞ்சுக்காரர்களின் கோட்டை. 1760-ம் ஆண்டில் ஆங்கிலேயர்கள் அதைப் பிடித்தார்கள், இடித்தார்கள்.

அது மட்டும் அல்ல. காரைக்கால், புதுச்சேரி, செஞ்சி என்று ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் கைக்குப் போயின. காரணம், வந்தவாசியில் நடந்த ஒரு நாள் சண்டை!

அதில் தோற்றவர் பெயர் லாலி.

லாலி 1702-ல் பிரான்சில் பிறந்தார். தகப்பனார் அயர்லாந்துக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். ஆங்கிலேயர் என்றாலே மகனுக்கு ஆத்திரம். 1745-ல் பாண்டனாய் என்ற இடத்தில் ஆங்கிலேயரை முறியடித்த படையில் லாலி வீரப்போர் புரிந்தார்.

1758 ஏப்ரலில் அவர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஐந்தே வாரத்தில் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டை அவர் வசமாயிற்று.

வழி தவறினார்

வீரம் இருந்தது. ஆனால் இந்த நாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னாலும் கேட்கமாட்டார்! சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் புதுச்சேரி மக்களைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார். ஊரே வெறுத்தது.

பணம் இல்லை. பழைய பத்திரம் ஒன்றைக் காட்டி 56 லட்சம் ரூபாய் வசூலிக்கத் தஞ்சாவூர் மீது படையெடுத்தார். வழியில் கீழ்வேளூர் கோவிலில் புதையல் தேடினார். ஆறு பிராமணர்களை ஒற்றர்கள் என்று சந்தேகித்து பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். தஞ்சையில் பணமும் கிடைக்கவில்லை, வெற்றியும் கிடைக்கவில்லை. பிறகு சென்னைக் கோட்டையை இரண்டு மாதம் முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் அங்கிருந்தும் திரும்பினார்.

சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. அவர்கள் கலகமே செய்தார்கள்.

வந்தவாசி

1760 ஜனவரி 22-ந் தேதி. எதிரே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட். அவரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான்! இரு பக்கமும் சுமார் இரண்டாயிரம் வெள்ளைக்காரர்கள். இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஆனால் முக்கியமான சண்டை வெள்ளைக்காரர்களுக்குள்தான். ஊர் நம்முடையது!

லாலி தாமே குதிரைப்படையை நடத்திக்கொண்டு பாய்ந்தார். ஆங்கிலேயரின் பீரங்கிகள் முழங்கின. குதிரைகள் சிதறி ஓடின. அவருக்கு உதவியாக வந்த மராத்தியக் குதிரைப்படை தூரத்திலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்த விபத்து. பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி மீது ஒரு குண்டு விழுந்தது. பயங்கர வெடி! சுமார் 80 பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். மற்றவர்கள் ஓடினார்கள். அந்த இடத்தை ஆங்கிலேயர் பிடித்தார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் குதிரை சுடப்பட்டது, அவர் கைதியானார். லாலி எஞ்சியவர்களோடு பின்வாங்கினார்.

அடுத்தது புதுச்சேரி முற்றுகை. உணவு தீர்ந்தது. ஊர் மக்கள் சுமார் 1,400 பேரை லாலி கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயரும் அவர்களுக்கு வழிவிட மறுத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் இரண்டு படைகளுக்கும் நடுவே நாள்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். பிறகுதான் வழி கிடைத்தது. லாலியை மன்னிக்க முடியாத செயல் இது.

1761 ஜனவரி 16-ந் தேதி புதுச்சேரி சரண் அடைந்தது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதைப் பார்க்கவில்லை. நான்கு நாள் முன்புதான் இறந்து போனார்.

மரண தண்டனை

லாலியை ஆங்கிலேயர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே இருந்தபோது, பிரான்சில் தம்மைத் துரோகி என்று சொல்லுகிறார்கள் என்று கேள்விப்பட்டார். அனுமதி பெற்று, தாமாகவே பாரீசுக்குத் திரும்பினார். குற்றம் செய்தவன் இப்படித் திரும்புவானா?

சிறையில் தள்ளினார்கள். விசாரணை ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1766 மே 9-ந் தேதி, பேச முடியாதபடி வாயை அடைத்து, கொலைக்களத்துக்கு இழுத்துச் சென்றார்கள். தலை வெட்டப்பட்டது.

லாலிக்கு 15 வயதில் ஒரு மகன். தன் தகப்பனார் யார் என்பதே அன்றுதான் அந்தப் பையனுக்குத் தெரிந்தது! அவன் வளர்ந்து வழக்குத் தொடர்ந்தான். வால்டேர் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் துணை நின்றார். 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. லாலி இறந்து அப்போது 12 வருஷம் ஆகியிருந்தது.